நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பு

நீலகிரி டிரவுட் மீன்பிடிப்பு என்பது தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள உயர்நிலை ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வானவில் டிரவுட் எனும் குளிர்நீர் மீனைச் செயற்கை ஈ கொண்டு தூண்டிலிட்டுப் பிடிக்கும் முறையாகும். இம்மீன் இந்தியாவுக்கு உரியதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் பல தோல்விகளுக்குப் பின்னர் இங்கு நிலைபெற்றது. நீரின் வெப்பம், தெளிவு, வேகம் ஆகியவை மாறும்போது மீனின் இருப்பிடமும் உணவும் மாறுவதால், நீரின் நிலையை அறிதலே இம்மீன்பிடிப்பின் அடிப்படையாகக் கருதப்படுகிறது. நீலகிரி டிரவுட் ஓடைகள் பலவும் பவானி ஆற்றின் வழியாகக் காவிரியில் கலந்து திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், லால்குடி பகுதிகளை அடைகின்றன. ஆயினும் அங்கு இம்மீன் வாழ இயலாது.

பெயர்

டிரவுட் என்பது ஆங்கிலச் சொல். தமிழகத்தின் இயற்கை நீர்நிலைகளில் இம்மீன் இல்லாதிருந்ததால் இதற்கு மரபான தமிழ்ப் பெயர் இல்லை. உடலின் இருபுறமும் செவுள் முதல் வால் வரை ஓடும் இளஞ்சிவப்புப் பட்டையால் வானவில் டிரவுட் எனப்படுகிறது. இதன் அறிவியற் பெயர் ஆன்கோரிங்கசு மைக்கிசு. முன்னர் சால்மோ கெயிர்ட்னெரி என வழங்கப்பட்டது. பசிபிக் பெருங்கடலைச் சார்ந்த சால்மன் மீன்களுடன் இதற்குள்ள நெருங்கிய உறவின் அடிப்படையில் 1989 இல் பெயர் மாற்றப்பட்டது.

உயிரியல்

வானவில் டிரவுட்டின் தாயகம் வட அமெரிக்காவின் மேற்குக் கரையும் உருசியாவின் கம்சாத்கா பகுதியும் ஆகும். இது ஊன் உண்ணி. நீர்ப்பூச்சிகளின் இளவுயிரிகள், நீர்ப்பரப்பில் விழும் நிலப்பூச்சிகள், சிறு மீன்கள் ஆகியவற்றை உண்கிறது.

ஏறத்தாழ 10 முதல் 18 °செ. வரையான வெப்பநிலை இதற்கு ஏற்றது. 20 °செ. அளவைக் கடந்தால் மீன் சோர்வடைகிறது. 25 °செ. அளவை ஒட்டிய நீரில் நெடுநேரம் உயிர்வாழ்வது அரிது. இதற்கு முதன்மைக் காரணம் உயிர்வளி ஆகும். கடல் மட்டத்தில் 10 °செ. நீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளக்கூடியது, 30 °செ. நீரோ ஏறத்தாழ 7.6 மில்லிகிராமையே கொள்ளும். வெப்பம் கூடும்போது மீனின் உயிர்வளித் தேவையும் உயர்கிறது. நீலகிரியின் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்குள்ள நீர் கொள்ளும் உயிர்வளி மேலும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். ஆகவே மலை ஓடையின் குளிர்ச்சியும், பாறைகளில் மோதிக் காற்றுடன் கலக்கும் அதன் ஓட்டமும் இம்மீனுக்கு இன்றியமையாதவை.

குளிர்மாதங்களில் பெண் மீன் ஓடைப் படுகையிலுள்ள கூழாங்கற்களை வாலால் ஒதுக்கிப் பள்ளம் தோண்டி முட்டையிடுகிறது. பின்னர் கற்களாலேயே அதனை மூடுகிறது. 10 °செ. அளவில் முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதுவரை கற்களின் இடுக்குகளில் தூய நீர் ஊடுருவிக்கொண்டே இருத்தல் வேண்டும். வண்டல் படிந்தால் முட்டைகள் மூச்சுத்திணறி அழியும்.

வரலாறு

தொடக்க முயற்சிகள்

உதகமண்டலம் கோடைவாழிடமாக வளர்ந்தபோது, தம் நாட்டு ஓடைகளை ஒத்த நீலகிரி ஓடைகளில் தம் நாட்டு மீனை வளர்க்க ஆங்கிலேயர் விரும்பினர். இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலைப் பின்னாளில் இயற்றிய மருத்துவர் பிரான்சிசு டே 1863 இல் டிரவுட்டைக் கொண்டுவர முதன்முதலாக முயன்றார். 1866 இல் மீண்டும் முயன்றார். இரண்டும் தோல்வியுற்றன. சூயசு கால்வாய் 1869 இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நெடிய பயணத்தில் வெப்ப மண்டலத்தைக் கடக்கும்வரை முட்டைகளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதே பெரும் இடராக இருந்தது. 1864 இல் பனிக்கட்டிக்கும் பாசிக்கும் இடையே பொதியப்பட்ட முட்டைகள் இங்கிலாந்திலிருந்து தாசுமேனியாவை உயிருடன் சென்றடைந்தன. அந்த வெற்றி பிற குடியேற்ற நாடுகளிலும் இத்தகைய முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது.

1877 இல் நீலகிரியில் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கும் நோக்குடன் ஒரு சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. இன்றைய நீலகிரி காட்டுயிர் மற்றும் சுற்றுச்சூழல் சங்கம் இதன் தொடர்ச்சியாகும். 1879 இல் நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் மதராசு மாகாணத்தில் இயற்றப்பட்டது. மீன்பிடிக்கும் பருவத்தையும் உரிமத்தையும் ஒழுங்குபடுத்த இச்சட்டம் வழிசெய்தது.

அவலாஞ்சி பொரிப்பகம்

1906 இல் எச். சி. வில்சன் மீன்வளர்ப்பு வல்லுநராக அமர்த்தப்பட்டார். 1907 இல், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்திலுள்ள அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. இலங்கை, செர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து முட்டைகள் தருவிக்கப்பட்டன. பழுப்பு டிரவுட் நீலகிரியில் நிலைபெறவில்லை. சற்றே கூடிய வெப்பத்தையும் தாங்கவல்ல வானவில் டிரவுட் ஓடைகளில் தானே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது.

இதே காலத்தில் தெற்காசியாவின் பிற மலைப்பகுதிகளிலும் டிரவுட் அறிமுகப்படுத்தப்பட்டது. இலங்கையின் நுவரெலியா பகுதியில் 1880களிலும், காசுமீரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும், மூணாற்றின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இம்முயற்சிகள் நடைபெற்றன.

அணைகள்

பைக்காரா நீர்மின் நிலையம் 1932 இலும், முக்குருத்தி அணை 1938 இலும் செயற்பாட்டுக்கு வந்தன. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியுடன் குந்தா நீர்மின் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. இதன் பகுதிகளான அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி நீர்த்தேக்கங்கள் 1960களில் உருவாயின. இவற்றால் ஓடைகள் பல நீரில் மூழ்கின. அணைகளுக்குக் கீழே சில ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வறண்டன. மறுபுறம், ஆழமும் குளிர்ச்சியும் உடைய நீர்த்தேக்கங்கள் மீன் பருத்து வளர இடமளித்தன. முட்டையிடும் பருவத்தில் மீன்கள் நீர்த்தேக்கத்திலிருந்து அதில் வந்து சேரும் சிற்றோடைகளுக்கு ஏறுகின்றன.

ஈத்தூண்டில் முறை

பொதுவான தூண்டில் முறையில் ஈயக்குண்டு அல்லது இரையின் எடை நரம்பை இழுத்துச் செல்கிறது. ஈத்தூண்டிலில் இரைக்கு எடை இல்லை. முள்ளின் மீது இறகு, மயிர், நூல் ஆகியவற்றைச் சுற்றிப் பூச்சியைப்போல் கட்டப்படும் செயற்கை ஈயே இரையாகும். ஆகவே இம்முறையில் நரம்பே எடையுள்ளதாகத் தடித்துச் செய்யப்படுகிறது. வளைந்து நிமிரும் கோல் அந்நரம்பை முன்னும் பின்னும் காற்றில் விரித்துச் செலுத்துகிறது. தடித்த நரம்பின் முனையில் படிப்படியாக மெலியும் ஒளிபுகு இழை இணைக்கப்பட்டு, அதன் நுனியில் ஈ கட்டப்படும்.

செயற்கை ஈக்கள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன:

* மிதக்கும் ஈ: நீர்ப்பரப்பில் அமரும் அல்லது விழும் பூச்சியை ஒத்தது. மீன் மேலெழுந்து கவ்வுவதைக் கண்ணால் காணலாம்.
* மூழ்கும் ஈ: நீரில் அமிழ்ந்து அடித்துச் செல்லப்படும் பூச்சியை ஒத்தது.
* இளவுயிரி: படுகையில் வாழும் பூச்சிப் பருவத்தை ஒத்தது. அடிமட்டத்தை ஒட்டி உருண்டு செல்லுமாறு விடப்படும்.
* மீன்குஞ்சுப் போலி: சிறு மீனை ஒத்தது. நீர்த்தேக்கங்களிலும் கலங்கிய நீரிலும் இழுத்து மீட்கப்படும்.

டிரவுட் ஓட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும். எனவே மீன்பிடிப்போர் ஓடையின் கீழ்ப்புறமிருந்து மேல்நோக்கி நகர்வர். பாறையின் மறைவு, வேகமான நீரும் மந்தமான நீரும் சந்திக்கும் கோடு, கரை அரித்த குடைவு ஆகியவை மீன் நிற்கும் இடங்களாகும். அங்கு மீன் குறைந்த ஆற்றலைச் செலவிட்டு, வேகநீர் கொண்டுவரும் உணவைப் பெறுகிறது. ஈ நீரின் வேகத்துடனேயே மிதந்து வருதல் வேண்டும். நரம்பு அதனைச் சிறிதளவு இழுத்தாலும் மீன் ஐயுற்று விலகிவிடும்.

மாறும் நீர்நிலைகள்

கோடை

மார்ச்சு முதல் மே வரை ஓடைகள் சுருங்கித் தெளிந்திருக்கும். மீன் தொலைவிலேயே மனிதரைக் கண்டுவிடும். நிழல் நீரில் விழாமல் குனிந்து அணுகுதல், மெல்லிய இழை, சிறிய ஈ ஆகியவை தேவை. அதிகாலையும் அந்திப்பொழுதும் ஏற்றவை. நண்பகலில் நீர் 20 °செ. அளவை எட்டினால் மீன்பிடிப்பை நிறுத்துவது நன்னெறியாகக் கொள்ளப்படுகிறது. அவ்வேளையில் போராடிக் களைத்த மீன் நீரில் திரும்ப விடப்பட்டாலும் இறந்துவிடக்கூடும்.

புல்வெளிகளில் காற்று வீசும் நாட்களில் வெட்டுக்கிளி, எறும்பு, வண்டு ஆகியவை ஓடையில் விழுகின்றன. இவற்றை ஒத்த மிதக்கும் ஈக்களை அப்போது மீன் தயக்கமின்றி எடுக்கும்.

தென்மேற்குப் பருவமழை

சூன் மாதம் முதல் நீலகிரியின் மேற்குப் பகுதியில் கனமழை பெய்கிறது. 2019 ஆகத்து 8 ஆம் நாள் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 800 மில்லிமீட்டருக்கும் கூடுதலான மழை பதிவானது. இத்தகைய பெருக்கில் மீன்பிடித்தல் இயலாததும் உயிருக்கு ஆபத்தானதும் ஆகும். மீன்கள் கரையோர மந்த நீரில் ஒதுங்குகின்றன.

மழைக்குப் பின் வெள்ளம் வடியத் தொடங்கும் நேரமே மிகச் சிறந்தது. நீர் தேநீர் நிறத்திலிருந்து மெல்லத் தெளியும்போது, மீன் பசியுடன் இருப்பதோடு மனித நடமாட்டத்தையும் எளிதில் காண்பதில்லை. பெரிய மூழ்கும் ஈயும் மீன்குஞ்சுப் போலியும் இவ்வேளையில் பயன்படுகின்றன. மாறாக, நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஓடையைக் கடக்கலாகாது. மின் உற்பத்திக்காக நீர் திறக்கப்படும் இடங்களில் மழையில்லாத நாளிலும் நீர்மட்டம் திடீரென உயரக்கூடும்.

மூடுபனியும் உறைபனியும்

மேகமூட்டமும் மூடுபனியும் உள்ள நாட்களில் நீர்ப்பூச்சிகள் முதிர்ந்து வெளிவருதல் நெடுநேரம் தொடர்வதால் பகலிலும் மீன் மேலெழும். டிசம்பர், சனவரி மாதங்களின் உறைபனிக் காலைகளில் மீன் மந்தமாக அடிமட்டத்தில் தங்கும். வெயில் ஏறிய பின்னர் இளவுயிரியை ஆழத்தில் விடுவதே பயன் தரும். இது முட்டையிடும் பருவமாதலால் கூழாங்கல் படுகைகளில் நடப்பது தவிர்க்கப்பட வேண்டும்.

சமவெளி ஆறுகளுடன் தொடர்பு

அவலாஞ்சி, எமரால்டு ஓடைகள் குந்தா ஆற்றின் வழியாகவும், பைக்காரா ஆறு மோயாற்றின் வழியாகவும் பவானியை அடைகின்றன. பவானி ஆறு பவானி நகரின் கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து திருவரங்கத்தைத் தீவாக்குகிறது. வடகிளையான கொள்ளிடத்தின் வடபுறத்தில் லால்குடி அமைந்துள்ளது. அங்குக் கோடையில் மணற்பரப்பினூடே ஓடும் ஆழமற்ற நீர் டிரவுட் தாங்கும் எல்லையைக் கடந்து சூடாகிறது. இப்பகுதியின் மீன்கள் கெண்டை, கெளுத்தி, விரால், வாளை முதலியன. இவை வெப்பநீருக்கு ஏற்றவை. விரால் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கவும் வல்லது.

அவலாஞ்சியில் பணியாற்றிய வில்சன், 1909 இல் கொள்ளிடத்தின் கீழணையில் உல்லம் மீனைச் செயற்கையாகப் பொரிக்கும் பணியிலும் ஈடுபட்டார். உல்லம் கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும் மீன். அணைகள் அதன் வழியை மறித்தன. 1934 இல் மேட்டூர் அணை கட்டப்பட்ட பின்னர் காவிரியில் உல்லத்தின் வரத்து பெரிதும் குறைந்தது. ஒரே ஆற்று வடிநிலத்தின் மேற்பகுதியில் அயல் மீன் ஒன்று குடியேற்றப்பட்ட காலத்தில், கீழ்ப்பகுதியில் மண்ணுக்குரிய மீன் ஒன்று வழியிழந்தது.

சூழலியல் சிக்கல்கள்

வானவில் டிரவுட், உலகின் மிகத் தீங்கான 100 அயல் ஊடுருவு உயிரினங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழுவால் சேர்க்கப்பட்டுள்ளது. பல நாடுகளில் இது உள்நாட்டு மீன்களையும் தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் உண்டு அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை ஓரிடவாழ் தவளைகள் மிகுந்த பகுதி என்பதால், புதிய ஓடைகளில் டிரவுட் குஞ்சுகளை விடுவது கேள்விக்குரியதாகிறது.

அதேவேளை, நீலகிரி டிரவுட்டின் நிலையும் உறுதியானதன்று. சோலைக்காடுகளும் புல்வெளிகளும் மழைநீரைத் தேக்கிவைத்துக் கோடையில் மெல்லக் கசியவிடுகின்றன. சீகை, தைலமரத் தோட்டங்கள், தேயிலை, காய்கறிச் சாகுபடி ஆகியவற்றால் இப்பரப்பு சுருங்கியது. சரிவுகளில் உழப்பட்ட மண் ஓடைகளில் வண்டலாகப் படிகிறது. புவி வெப்பமாதலால் நீர் சூடேறினால் மீன் மேலும் உயரமான ஓடைகளுக்குச் செல்ல வேண்டியிருக்கும். ஆனால் நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர்தான். டிரவுட் ஓடைகள் ஏற்கெனவே மலையின் உச்சிப் பகுதியிலேயே உள்ளன.

டிரவுட் இல்லாத நிலையிலும் இவ்வோடைகளின் குளிர்ச்சி முதன்மையானது. ஓடை சூடாதலும் கலங்குதலும் வற்றுதலும் சோலை–புல்வெளிச் சூழல் சிதைவதன் அறிகுறிகளாகும். இதன் விளைவு பவானி, காவிரிப் பாசனப் பகுதிகளையும் சென்றடையும்.

சட்ட நிலை

நீலகிரி டிரவுட் நீர்நிலைகளில் பல காப்புக்காடுகளுக்குள் அமைந்துள்ளதால் அங்கு நுழைவதற்கே அனுமதி தேவை. முக்குருத்தி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் 1972 ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் செயற்படுகிறது. இச்சட்டத்தில் 2022 இல் செய்யப்பட்ட திருத்தம், அயல் ஊடுருவு இனங்களைக் கட்டுப்படுத்தவும் நடுவண் அரசுக்கு அதிகாரம் வழங்கியது.

இவற்றையும் பார்க்க

* அவலாஞ்சி
* பவானி ஆறு
* கொள்ளிடம்
* உல்லம்
* சோலைக்காடு
* முக்குருத்தி தேசியப் பூங்கா