பழைய கார் ரேடியோ வாங்கும் முன்: மின்னலும் ராகாவும் கேட்குமா?

பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துத் தோட்டங்களில் பழைய மைவியும் சாகாவும் வீராவும் இன்னமும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும். ரேடியோ மட்டும் ஊமையாகிவிடும். புதியது வாங்கப் பணம் செலவழிக்க மனமில்லாதவர்கள் ஈப்போ போன்ற நகரங்களின் ஹாஃப்-கட் கடைகளில் பழையதைத் தேடுவார்கள். ஜப்பானில் ஓடிக் கழிந்த கார்களைப் பாதியாக வெட்டி இறக்குமதி செய்து, பாகம் பாகமாக விற்கும் கடைகள் இவை. பொருள் தரமானது, விலையும் குறைவு. ஆனாலும் ஒரு சிக்கல் உண்டு.

ஜப்பானில் எஃப்.எம். ஒலிபரப்பு 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது. 2014-க்குப் பிறகு 95 வரை நீட்டினார்கள். மலேசியாவிலோ 87.5 முதல் 108 வரை. தலைநகர் வட்டாரத்தில் மின்னல் 96.3, ராகா 99.3. பேராக்கில் எண்கள் வேறு என்றாலும் அவையும் 90-ஐத் தாண்டியவைதான். ஆகவே ஜப்பானிய ரேடியோ கடையில் பளிச்சென்று எரியும், சிடியும் பாடும். வீட்டுக்கு வந்து தேடினால் தமிழ் நிலையம் ஒன்றுகூட அகப்படாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். கடையிலேயே பேட்டரியில் மாட்டச் சொல்லி, அலைவரிசை எண்ணை மேலே ஏற்ற வேண்டும். 90-ஐத் தொட்டதும் 76-க்குத் திரும்பிக் குதித்தால் அது ஜப்பானுக்கென்று செய்தது. 108 வரை போனால் கவலை இல்லை.

“கன்வெர்ட்டர் போட்டால் சரியாகிவிடும்” என்று கடைக்காரர் சொல்லலாம். அது பொய்யல்ல. ஆன்டெனா ஒயரில் இணைக்கும் அந்தச் சின்னப் பெட்டி நம் அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும். 20 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் வகை என்றால் 99.3 நிலையம் 79.3-ல் கேட்கும். ஆனால் இரைச்சல் கூடும்; ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பேசும். ஒலிபரப்புக் கோபுரத்துக்குத் தொலைவில், அலை மெலிந்து வரும் இடத்தில் இருப்பவர்கள் இதை நம்பி வாங்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது அளவு. பொதுவான ஒற்றை டின் ரேடியோவின் முகப்பு 180-க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180-க்கு 100. டொயோட்டா, டைஹட்சு கார்கள் பலவற்றில் அகலம் 200. டைஹட்சு வழியில் வந்த பெரோடுவாவிலும் இது உண்டு. 200 அளவுக் குழியில் 180 ரேடியோ வைத்தால் இருபுறமும் இடைவெளி தெரியும். பக்கச் சட்டம் வாங்கி அடைத்துவிடலாம். 180 குழியில் 200 ரேடியோ நுழையவே நுழையாது. கடைக்குப் போகும்போது கையில் ஓர் அளவுகோல் இருக்கட்டும்.

பின்புற சாக்கெட் ஒத்துப்போகவில்லை என்றால் மாற்று சாக்கெட் கடையில் கிடைக்கும். காரின் ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் வேலையை அனுமதிக்கக் கூடாது. பின்னாளில் ஷார்ட் ஆக அதுவே காரணமாகலாம். கடையில் விற்கும் செட்டுகளில் பெரும்பாலும் மஞ்சள் ஒயர் நிரந்தர மின்சாரம், சிவப்பு சாவி திறந்தால் வருவது, கறுப்பு எர்த். மஞ்சளும் சிவப்பும் இடம் மாறினால், காரை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் சேமித்து வைத்த நிலையங்கள் அழிந்துபோகும். ரேடியோ கெட்டுவிட்டதாக நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு. நீல ஒயரையும் மறக்கக் கூடாது. ஆன்டெனாவில் பூஸ்டர் உள்ள கார்களில் அது இணைக்கப்படாவிட்டால் அலை சரியாக எட்டாது.

பெரிய லோரிகள் பலவற்றில் மின்சாரம் 24 வோல்ட், காரில் 12. லோரியிலிருந்து கழற்றியது காரில் வேலை செய்யாது. கார் ரேடியோவை லோரியில் மாட்டினால் புகைதான் வரும். செட்டின் மேல் ஒட்டியுள்ள தாளில் வோல்ட் அளவு அச்சிட்டிருக்கும்.

ஹோண்டா போன்ற சில கார்களின் ரேடியோ, பேட்டரியிலிருந்து கழற்றியதும் ரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். எண் அட்டை இல்லாமல் விற்பவரிடம், எண்ணைப் போட்டுத் திறந்து காட்டிய பிறகே பணம் கொடுக்க வேண்டும். எங்கிருந்து கழற்றியது என்பதற்கு அவரிடம் பதில் இல்லை என்றால், அந்த ரேடியோவை அங்கேயே விட்டுவிட்டு வரலாம்.