செவிக்குள் இருந்தது காற்றா, நீரா?

"நம் முன்னோர் அறியாத கலை ஒன்றுமில்லை" என்று மேடைகளில் முழங்கக் கேட்டு, ஓதும் பருவத்தில் நாமும் பூரித்ததுண்டு. பின்னாளில், ஹகீம் இப்னு ஸீனாவின் (கி.பி. 980–1037) 'அல்கானூன்' நூலில் செவியைப் பற்றிய பகுதியை அரபு மூலத்திலேயே படித்தபோது, அந்தப் பூரிப்பைச் சற்றே நிதானித்துப் பார்க்க நேர்ந்தது.

செவித்துளை, 'கல் எலும்பு' எனப்படும் கடினமான எலும்பினுள் திருகு போல் வளைந்து செல்கிறது. அதன் முடிவில் ஒரு பொந்து. அதனுள் அசைவற்ற காற்று. பொந்தின் உட்சுவரில் மூளையிலிருந்து வரும் நரம்பு விரிந்து கிடக்கிறது. வெளிக்காற்றின் அலை உட்காற்றை அசைக்க, நரம்பு ஒலியை உணர்கிறது. இதுவே ஹகீம் அவர்களின் விளக்கம். கல் எலும்பு சரி, நரம்பும் சரி. ஆனால் அந்தக் காற்று, யவன அறிஞர்களிடமிருந்து வழிவழியாக வந்த கொள்கை. உட்செவியில் உண்மையில் நிறைந்திருப்பது நீர்.

இப்பிழை நெடுங்காலம் நின்றது ஏன்? நம்மவர் ஏட்டை மட்டுமே நம்பியவர் என்பதாலா? அன்று. கி.பி. 1200ஐ ஒட்டி எகிப்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. அங்கே குவிந்து கிடந்த எலும்புகளை ஆராய்ந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற ஜாலீனூஸின் கூற்றை மறுத்து, அது ஒரே எலும்புதான் என்று எழுதினார். ஜாலீனூஸ் பெரியவரே; எனினும் கண் கண்டதே வலிய சாட்சி என்பது அவர் துணிவு.

ஆனால் தாடையெலும்பு காய்ந்த பின்னும் சான்று சொல்லும். உட்செவியின் நீரோ சில துளிகளே. உடல் உலர்ந்தால் அதுவும் உலர்ந்துவிடும். பிறகு திறந்து பார்ப்பவர் வெறும் பொந்தையே காண்பார்.

16ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபல்லோப்பியோ, உட்செவியின் சுருள் உறுப்புக்கு நத்தைக்கூட்டின் பெயரைச் சூட்டினார். அப்போதும் காற்றுக் கொள்கை அகலவில்லை. 1760ஐ ஒட்டி நேப்பிள்ஸ் நகரத்துக் கொத்தூஞ்ஞோ, அவ்வறைகளில் நீர் நிரம்பியிருப்பதை நிறுவினார். 1777இல் ஜெர்மானியர் மெக்கல், செவியெலும்பைக் குளிரில் உறையவைத்துத் திறந்தார். உள்ளே பனிக்கட்டி இருந்தது. ஐயம் தீர்ந்தது. 1851இல் கோர்ட்டி நுண்ணோக்கியின் வழியே, அந்த நத்தைக்கூட்டினுள் ஒலியை உணரும் நுண்ணுறுப்பை விவரித்தார். அதிலுள்ள மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000. மனிதரிடத்தில் அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

இன்றைய அரபு மருத்துவ நூல்கள் அவ்வுறுப்பைக் 'கவ்கஆ' என்கின்றன. பொருள் அதே நத்தைக்கூடுதான். அறிவு இவ்வாறு கைமாறிக் கைமாறியே வளர்கிறது.

இவற்றையெல்லாம் நம் பிள்ளைகளிடம் மறைப்பானேன்? இப்னு ஸீனா பிழைபடாதவர் என்று கற்பித்தால், உண்மையை வேறிடத்தில் அறியும் நாளில் அவர்கள் அவரையும் இகழ்வர், நம்மையும் நம்பார். அவர் கண்டதையும் காணாததையும் ஒருசேரச் சொன்னால், அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் ஆசை அவர்களுக்குப் பிறக்கும். பக்தாதி ஜாலீனூஸுக்குச் செய்த மரியாதையும் அதுவே. முன்னோர்க்கு நாம் செலுத்தவேண்டிய கடனும் அதுவேயாம்.