களுத்துறையும் பூந்தமல்லியும்

பொதுச் சுகாதாரத்துக்கு ஆள் தயார் செய்வதில் இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் நல்ல பெயர் உண்டு. ஆனால் இலங்கை அதிகம் மெனக்கெட்டது வீட்டு வாசலுக்குப் போகும் பெண்ணுக்காக. தமிழ்நாடு மாவட்ட அதிகாரிக்காக.

இலங்கையின் களுத்துறையில் 1926இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு ஒரு சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று அங்கே தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இயங்குகிறது. குடும்பநல மாதுவாகச் சேரும் பெண்ணுக்கு ஒன்றரை ஆண்டுப் பயிற்சி. முதல் ஓராண்டு தாதியர் பள்ளியும் மருத்துவமனையும். கடைசி ஆறு மாதம் களம். தொழில் பிடிபடுவது அந்த ஆறு மாதத்தில்தான். தகுதிவாய்ந்த குடும்பங்களின் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறாள்: புதுமணத் தம்பதி எந்த வீட்டில், கர்ப்பிணி எந்த வீட்டில்? பிள்ளை பெற்ற வீட்டுக்கு முதல் பத்து நாளில் இரண்டு முறையாவது போய்க் குழந்தையின் தொப்புளையும் பால் குடிப்பதையும் தாயின் உடல்நிலையையும் பார்க்கிறாள். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒருவர் என்பதால் இது நடக்கிற காரியம்.

இங்கே தமிழ்நாட்டின் சமவெளியில் கிராம சுகாதார செவிலியருக்கு 5,000 பேர் என்பது கணக்கு. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கிடைக்கும் ‘பிக்மி’ எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருப்பதால், நர்ஸம்மாவைத் தேடி வருவோரில் பலர் அதற்காகவே வருகிறார்கள். பதிவு வேலை நியாயமானதுதான். வீடு பார்க்கும் நேரத்தை அது தின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டின் பலம் மேல்தட்டில். 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் தனி இயக்குநரகமும் கொடுத்த பலம் அது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் பொதுச் சுகாதாரப் பட்டயம் படித்து, மாவட்டத்தில் வேலை பழகி, இயக்குநர் வரை ஏறலாம். பூந்தமல்லி பொதுச் சுகாதார நிறுவனம் இந்தத் துறைக்கென்றே ஆட்களைப் பயிற்றுகிறது. வேறு பல மாநிலங்களில் நோயாளி பார்த்தே பழகிய மருத்துவர் பணிமூப்பில் மாவட்டச் சுகாதார அதிகாரி நாற்காலிக்கு வருகிறார். இந்தப் பயிற்சியின் பலன் நெருக்கடியில் தெரிந்தது: 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் முகாம்களில் குளோரின் கலந்த தண்ணீரும் தட்டம்மைத் தடுப்பூசியும் காலத்தோடு போய்ச் சேர்ந்தன. பெரிய கொள்ளைநோய் வரவில்லை.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளைத் தன்னார்வப் பெண்கள் மூலம் வீட்டுக்கே அனுப்புகிறது. வீடு தேடிப் போகும் வேலையைத் தமிழ்நாடு மறுபடி கையில் எடுத்திருக்கிறது, இம்முறை நிரந்தரப் பணியாளர் அல்லாதவர்களை வைத்து. களுத்துறையின் ஆறு மாதக் களப்பயிற்சியில் பாதியாவது அவர்களுக்குத் தரலாம்.