வளக் கட்டுப்பாடுள்ள காலத் திட்டமிடல்

வளக் கட்டுப்பாடுள்ள காலத் திட்டமிடல் என்பது, ஒரு செயல்திட்டத்தில் அடங்கிய செயல்களை, அவற்றின் முன்பின் வரிசையை மட்டுமன்றிக் கிடைக்கக்கூடிய ஆட்கள், இயந்திரங்கள் போன்ற வளங்களின் அளவையும் கருத்திற்கொண்டு கால அட்டவணைப்படுத்தும் முறை ஆகும். வளங்கள் போதாதபோது, 'கிரிட்டிக்கல் பாத்' எனப்படும் மாறுநிலைப் பாதை காட்டும் நிறைவுக் காலம் நீளக்கூடும். தாமதம் பொறுக்காத செயல்கள் எவை என்பதும் மாறக்கூடும்.

வரலாறு

மாறுநிலைப் பாதை முறை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில், டுபான்ட் நிறுவனத்தைச் சேர்ந்த மோர்கன் வாக்கர், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லி ஆகியோரால் உருவாக்கப்பட்டது. ஒரு செயலுக்கு முந்தைய செயல்கள் முடிந்தவுடன் அதற்கான வளங்களும் ஆயத்தமாக இருக்கும் என்பது இதன் அடிப்படைக் கணக்கீட்டின் எடுகோள் ஆகும். வளக் கட்டுப்பாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் 1960களில் ஆராயப்பட்டன. 1997 இல் எலியாகு கோல்ட்ராட் எழுதிய 'கிரிட்டிக்கல் செயின்' என்னும் நூல் இக்கருத்தைப் பரவலாக அறியச் செய்தது.

எடுத்துக்காட்டு

ஒரு வீடு கட்டும் பணியில் பின்வரும் செயல்கள் உள்ளதாகக் கொள்வோம்.

* அடித்தளம்: 6 நாள், கொத்தனார் குழு
* சுவர்: 8 நாள், கொத்தனார் குழு (அடித்தளத்திற்குப் பின்)
* கூரை: 4 நாள், தச்சர் குழு (சுவருக்குப் பின்)
* சுற்றுமதில்: 5 நாள், கொத்தனார் குழு
* மதிலுக்கு வண்ணம் பூசுதல்: 3 நாள், வண்ணம் பூசுவோர் (மதிலுக்குப் பின்)

கொத்தனார் குழுக்கள் தேவையான அளவு கிடைத்தால் அடித்தளம், சுவர், கூரை என்பதே மாறுநிலைப் பாதை. பணி 18 நாளில் முடியும். மதில் வேலைக்கு 10 நாள் மிதவை நேரம் உண்டு.

ஒரே ஒரு கொத்தனார் குழு இருந்தால், அதன் வேலை மட்டுமே 19 நாள் ஆகும். மதிலை முதலிலோ இடையிலோ கட்டினால் பணி முடிய 23 நாளாகும். இறுதியில் கட்டினால் 22 நாள் போதும். இதுவே மிகக் குறைந்த காலம். இப்போது நிறைவுக் காலத்தைத் தீர்மானிப்பது அடித்தளம், சுவர், மதில், வண்ணம் என்னும் தொடர். முன்பு மாறுநிலையில் இருந்த கூரைக்கு 4 நாள் மிதவை கிடைக்கிறது. எனவே கூடுதல் கூலி கொடுத்துக் கூரையை விரைவாக முடிப்பதால் பயனில்லை. மாறாக, மதிலுக்கு மட்டும் இரண்டாவது கொத்தனார் குழுவை அமர்த்தினால் பணி மீண்டும் 18 நாளில் முடியும்.

போலி மிதவை

முன்பின் தொடர்புகளை மட்டும் கொண்டு மிதவையைக் கணக்கிட்டால், மேற்கண்ட 22 நாள் அட்டவணையில் சுவருக்கும் 4 நாள் மிதவை இருப்பதாகத் தோன்றும். உண்மையில் சுவர் ஒரு நாள் தாமதித்தாலும், அதே குழு கட்டவேண்டிய மதிலும் ஒரு நாள் தள்ளிப்போகும். இல்லாத இந்த மிதவை போலி மிதவை எனப்படும். வளம் சார்ந்த தொடர்புகளையும் வலையமைப்பில் சேர்ப்பதே இதனைத் தவிர்க்கும் வழி.

தீர்வு முறைகள்

இச்சிக்கல் கணிமைக் கோட்பாட்டில் என்பி-கடினமான சிக்கல்களுள் ஒன்று. செயல்களின் எண்ணிக்கை கூடும்போது ஆராயவேண்டிய வரிசைகள் மிக விரைவாகப் பெருகுகின்றன. ஆகவே பெரிய திட்டங்களில், மிதவை குறைந்த செயலுக்கு முதலில் வளத்தை ஒதுக்குவது போன்ற முன்னுரிமை விதிகள் பயன்படுத்தப்படுகின்றன. இவை நல்ல அட்டவணையை விரைவில் தரும். ஆனால் அதுவே மிகச் சிறந்தது என உறுதியளிப்பதில்லை.