ஏற்காடும், புகை விடுற ஒரு கிழவனும்

ஏற்காட்டுல வேலை பார்த்தப்ப, ஒரு பழைய பங்களா சுவத்துல கண்ணாடி போட்டு மாட்டியிருந்த இங்கிலீஷ் அச்சுப்படம் ஒண்ணு பார்த்தேன். காகிதம் முழுக்க பழுப்புப் புள்ளி. தேமல் வந்த முதுகு மாதிரி. "சார், இது பூஞ்சை, கவனிங்க"ன்னேன். "தொடாதீங்க டாக்டர், அந்தப் புள்ளியிலதான் மதிப்பே இருக்கு"ன்னார் ஓனர்.

இதே பேச்சை 1761லயே ஒருத்தர் கலாய்ச்சுட்டார். அவரைப் பத்திதான் இந்த த்ரெட்.

லண்டன் ஓவியர் வில்லியம் ஹோகார்த். பெரிய மனுஷங்களைக் கிண்டல் பண்ணி செப்புத் தகட்டுல செதுக்கி, அச்சடிச்சு வித்தவர். 1758ல ஒரு ஏலம். இத்தாலிய மேதை கொரெஜ்ஜோ வரைஞ்சதுன்னு சொல்லி சிகிஸ்முண்டா ஓவியம் ஒண்ணு சுமார் 400 பவுண்டுக்குப் போச்சு. நிஜத்துல வரைஞ்சவர் ஃபுரினி! கடுப்பான ஹோகார்த் அதே சிகிஸ்முண்டாவை வரைஞ்சு அதே 400 கேட்டார். வரையச் சொன்ன கனவான் ரிச்சர்ட் க்ரோஸ்வெனர் நைசா கழண்டுக்கிட்டார்.

அதுக்கப்புறம் வந்ததுதான் அந்தக் கிண்டல் படம். இறக்கை முளைச்ச ஒரு கிழவன், அதாவது காலம், உடைஞ்ச சிலை மேல உக்காந்து ஒரு ஓவியத்து மேல பைப் புகை ஊதுறான். அவன் அரிவாள் ஓவியத்தைக் கிழிச்சிருக்கு. முன்னாடி ஒரு பெரிய ஜாடி, அதுல "வார்னிஷ்"னு எழுத்து. காலம் ஓவியத்துக்கு மெருகு ஏத்துதுன்னு ரசிகர்கள் சொல்லிட்டிருந்தாங்க. "மெருகு இல்லய்யா, புகை"ன்னார் இவர்.

மருத்துவமா பார்த்தா அவர் சொன்னது சரி. வார்னிஷ் பழசானா மஞ்சளாகிக் கருக்கும். காத்துல ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினா காகிதத்துல பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஜன்னல் வழியா மேகம் உள்ள வர்ற, துணியே காயாத ஊர் ஏற்காடு. அங்க வெளிச்சுவத்துல படம் மாட்டினா கேக்கணுமா?

இதுல ஒரு வேடிக்கை. ஹோகார்த் காலத்துக் காகிதம் கந்தல் துணியில செஞ்சது, திடமானது. 19ஆம் நூற்றாண்டுல மரக்கூழும் படிகாரமும் வந்தப்புறம்தான் காகிதத்துக்கே "அசிடிட்டி" வந்துச்சு. அமிலம் உள்ளிருந்தே அரிக்கும், தொட்டா அப்பளமா நொறுங்கும். அதுக்கு ஒரு வைத்தியம் மக்னீசியம் பைகார்பனேட் கரைசல். உங்க நெஞ்செரிச்சலுக்கு நாங்க தர்ற சிரப்லயும் மக்னீசியம்தான். அந்தக் கரைசலுக்கு மூலப்பொருள் மக்னீசியம் கார்பனேட். அதையே கல்லா, மேக்னசைட்டா, ஏற்காடு மலையடிவாரத்துல சேலம் பக்கம் வெட்டி எடுக்கறாங்க.

1820கள்ல சேலம் கலெக்டர் காக்பர்ன் காபியைக் கொண்டுவந்தப்புறம் இந்த மலையில எஸ்டேட்டுகள் பெருகுச்சு. எஸ்டேட்னா செக்ரோல் இருக்கும். யார் வேலைக்கு வந்தாங்க, எத்தனை நாள், என்ன கூலின்னு எழுதற புத்தகம். எல்லாம் அந்த மரக்கூழ் காகிதம். அதை யாரும் கண்ணாடி போட்டு மாட்டல.

என் ஓ.பி.க்கு ஒரு ஆயா வந்துச்சு. முதியோர் பென்ஷனுக்கு வயசுச் சான்று வேணும். பிறப்புச் சான்றிதழ் இல்ல, பள்ளிக்கூடம் போனதில்ல. சின்னப் பொண்ணா காபிப் பழம் பறிக்கப் போனப்ப பேரு எழுதின செக்ரோல்தான் ஒரே ஆதாரம். எஸ்டேட்ல கேட்டிருக்காங்க. ஓதம் ஏறி பக்கமெல்லாம் ஒட்டிக் கட்டியாயிடுச்சாம், தூக்கிப் போட்டுட்டாங்களாம்.

அந்த வயசுல பல்லு, எக்ஸ்ரே எதை வெச்சும் துல்லியமா சொல்ல முடியாது. "சுமார் 65"னு எழுதிக் கொடுத்தேன். "சுமார்னா எவ்வளவு சாமி?"ன்னு கேட்டுச்சு.

உங்க வீட்டுலயோ எஸ்டேட்லயோ பழைய செக்ரோல், கூலிக் கணக்கு இருந்தா ஒவ்வொரு பக்கமா போன்ல படம் எடுத்து வையுங்க. ஒட்டிப்போன பக்கத்தைப் பிரிக்காதீங்க, வெயில்ல காய வைக்காதீங்க. ஃபேன் காத்து போதும்.