கத்தி முனையில் பிறந்த முத்து

1961-ல் தூத்துக்குடியில் சலாபம் என்னும் முத்துக்குளிப்பு நடந்தது. குளியாட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்கள் எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுகளில் இறங்கிச் சிப்பி அள்ளினார்கள். பழைய முத்துத் துறைமுகமான கொற்கையின் காலத்திலிருந்து வந்த தொழில் அது. அதற்குப் பின் பார்களில் சலாபம் நடத்தும் அளவுக்குச் சிப்பி பெருகவேயில்லை. அதுதான் கடைசிச் சலாபம் என்பது அன்று கரையில் ஒருவருக்கும் தெரியாது.

சிப்பிக்குள் விழும் மழைத்துளிதான் முத்தாகிறது என்று முன்னோர் நம்பினார்கள். 1902-ல் இலங்கைக்கு வந்த உயிரியலாளர்கள் ஹெர்ட்மனும் ஜேம்ஸ் ஹார்னெலும் சிப்பிகளை அறுத்து ஆராய்ந்து, ஒட்டுண்ணிப் புழுவைச் சுற்றி முத்து உருவாகிறது என்றார்கள். 1933-ல் பாம்பனை அடுத்த குருசடைத் தீவில் முத்துச்சிப்பிப் பண்ணை வைக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின. உருண்டை முத்து விளைவிக்கும் வித்தை மட்டும் கைக்கு வரவில்லை. அது வேறொரு நாட்டில் பூட்டிக் கிடந்தது.

ஜப்பானில் மிகிமோட்டோ என்பவர் 1893-லேயே அரைமுத்து விளைவித்திருந்தார். பின்னர் மிசே, நிஷிகாவா ஆகியோர் முழு உருண்டைக்கும் வழி கண்டார்கள். ஆனால் அந்தக் கைப்பக்குவத்தை ஜப்பான் வெளியாருக்குச் சொல்லித் தரவில்லை. நாமே கற்றுக்கொள்வதைத் தவிர வழியில்லை என்ற நிலையில், 1972-ல் ஒருவர் கத்தியைக் கையில் எடுத்தார்.

அவர் கே. அழகர்சாமி, மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி. தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் வேலை நடந்தது. வாய் திறந்த சிப்பியின் மென்சதையை மெல்லக் கீறி, கிளிஞ்சல் ஓட்டைக் கடைந்தெடுத்த சிறு மணியை உள்ளே வைக்க வேண்டும். இன்னொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துணுக்கை வெட்டி அதன்மேல் ஒட்ட வேண்டும். அந்தத் துணுக்கு வளர்ந்து மணியைப் பையாக மூடினால்தான் முத்துப்பூச்சு படியும். கத்தி சற்றுப் பிசகினால் சிப்பி செத்துப்போகும். பிழைத்தாலும் மணியைத் துப்பிவிடலாம். கீறிய சிப்பிகள் கூண்டுகளில் ஏறி, மிதவைகளின் அடியில் கடலுக்குள் இறங்கின. உள்ளே நடப்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

1973 ஜூலையில் சிப்பியைத் திறந்தபோது ஓர் உருண்டை மணி பளபளத்தது. இந்தியாவில் மனித முயற்சியால் விளைந்த முதல் உருண்டை முத்து அது. பார்களில் சிப்பியே இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற கவலை மிச்சமிருந்தது. 1981-ல் ஆய்வகத் தொட்டியிலேயே சிப்பிக்குஞ்சுகளைப் பொரிக்க வைத்து அதற்கும் விடை கண்டார்கள்.

இன்று உலகெங்கும் நகைக்கடைகளில் சரமாகத் தொங்கும் முத்துகளில் ஏறக்குறைய எல்லாமே பண்ணையில் விளைந்தவைதான். அந்த அறிவை இந்தியாவுக்குத் தந்தது தூத்துக்குடிக் கரை. கொற்கையைப் படிக்கும் முத்துக்குளித்துறைப் பிள்ளைகள் அழகர்சாமியின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.