கணையக் கல் நீரிழிவு

கணையக் கல் நீரிழிவு என்பது, மதுப்பழக்கத்தோடு தொடர்பற்ற நாள்பட்ட கணைய அழற்சியால் கணையக் குழாய்களில் சுண்ணாம்புக் கற்கள் உருவாகி, அதன் விளைவாகத் தோன்றும் நீரிழிவு நோய் ஆகும். இது வெப்பமண்டல நாடுகளில், குறிப்பாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், பெரிதும் ஆராயப்பட்டுள்ளது.

வரலாறு

1959இல் சூடெமா என்பவர் இந்தோனேசிய நோயாளரிடம் இந்நோயை விவரித்தார். கேரளத்தில் பி. ஜே. கீவர்கீசு ஏராளமான நோயாளரை ஆராய்ந்து, 1968இல் நூலாக வெளியிட்டார். குழந்தைப் பருவத்தில் வயிற்றுவலி, வளரிளம் பருவத்தில் நீரிழிவு, இளமையில் இறப்பு என்பதே அக்காலத்தில் இந்நோயின் போக்காக இருந்தது.

காரணங்கள்

மரவள்ளிக் கிழங்கிலுள்ள சயனைடு நச்சே காரணம் என முன்பு கருதப்பட்டது. மரவள்ளி உண்ணாதவர்களிடமும் இந்நோய் காணப்பட்டதால் அக்கருத்து வலுவிழந்தது. நோயாளர் பலரிடம் 'சுபிங்க்1' என்னும் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது.

நோயின் தன்மை

கணையம் செரிமான நொதிகளையும் இன்சுலினையும் சுரக்கிறது. இந்நோயில் இரண்டும் குறைகின்றன. எனவே வயிற்றுவலி, கொழுப்பு கலந்த மலம், உடல் மெலிவு ஆகியவற்றுடன் நீரிழிவும் சேர்கிறது. சர்க்கரை மிக உயர்ந்தாலும் கீட்டோன் நச்சுநிலை அரிதாகவே ஏற்படும். சர்க்கரையை உயர்த்தும் குளுக்ககான் இயக்குநீரும் குறைவதால், இன்சுலின் மருந்து அளவு மீறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும்.

சிகிச்சை

பெரும்பாலோருக்கு இன்சுலின் தேவைப்படுகிறது. உணவுடன் கணைய நொதி மாத்திரைகள் தரப்படுகின்றன. உடல் மெலிந்தவர்கள் உணவைக் குறைத்தல் கூடாது. தீராத வலிக்குக் கற்களை அகற்றும் சிகிச்சைகள் உள்ளன.

சர்க்கரைக் கட்டுப்பாடும் வாழ்நாளும்

சென்னையில் வி. மோகன் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதல் வயிற்றுவலிக்கு 35 ஆண்டுகளுக்குப் பின்னும் 80 விழுக்காட்டினர் உயிருடன் இருந்தனர். நீரிழிவு கண்டறியப்பட்ட பின் சராசரியாக 25 ஆண்டுகள் வாழ்ந்தனர். இறப்புக்கு முதன்மைக் காரணம் கணையக் கற்கள் அல்ல; நீரிழிவின் விளைவுகளே, அவற்றுள்ளும் சிறுநீரகப் பாதிப்பே முதலிடம் பெற்றது. ஆகவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தலும் சிறுநீரகம், கண் ஆகியவற்றை ஆண்டுதோறும் பரிசோதித்தலும் இன்றியமையாதவை.

ஒப்பீடு

மேலை நாடுகளில் மிகுதியாகக் காணப்படும் 'சிசுடிக் ஃபைப்ரோசிசு' என்னும் மரபுவழி நோயில், தடித்த சுரப்புகள் கணையத்தை அடைத்து இதையொத்த நீரிழிவை உண்டாக்குகின்றன. 1988இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், நீரிழிவு உற்றவர்களுள் 25 விழுக்காட்டினருக்கும் குறைவானோரே 30 வயதை எட்டினர். நீரிழிவு இல்லாதவர்களுள் இது 60 விழுக்காடு. முன்கூட்டியே கண்டறிந்து இன்சுலின் தொடங்கிய மினசோட்டா மையத்தில் இவ்வேறுபாடு பெரிதும் குறைந்ததை 2009ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.